டீன்ஏஜ் பிள்ளைகளோடு லாப்லாந்து... மைனஸ் 20 டிகிரியில் ஒரு ஃபேமிலி டூர்! - ஏ டு இஸட் கைடு

"பீச்சுக்குப் போகலாமா?" என்று கேட்டால், எட்டு வயதுப் பிள்ளை செருப்பைக்கூட மாட்டாமல் வாசலில் போய் நிற்கும். அதே பிள்ளைக்கு 15 வயதாகட்டும்... "நீங்க போய்ட்டு வாங்க, நான் வீட்லயே இருக்கேன்" என்று பதில் வரும். வற்புறுத்தி அழைத்துப்போனாலும் காதில் இயர்போன், கையில் போன், எதைக் கேட்டாலும் ஒரு 'ம்ம்'.

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் ஃபேமிலி டூர்களில் டீன்ஏஜ் பிள்ளைக்கு என்ன வேலை இருக்கிறது? ஊரை முடிவு செய்வது அப்பா, ஹோட்டல் பார்ப்பது அம்மா, வண்டி ஓட்டுவது டிரைவர். பின் சீட்டில் உட்கார்ந்து வருவது மட்டும்தான் பிள்ளையின் வேலை. போரடிக்காமல் என்ன செய்யும்?

அந்தப் பின் சீட்டே இல்லாத ஒரு சுற்றுலா இருக்கிறது. நாய்கள் இழுக்கும் வண்டியில் பிரேக்கை மிதிக்க ஆள் வேண்டும். பனிக்காட்டுக் குடிலில் அடுப்பு மூட்ட ஆள் வேண்டும். அம்மாவின் மூக்கு நுனி வெளுக்கிறதா என்று அடிக்கடி பார்த்துச் சொல்லவும் ஆள் வேண்டும். ஐரோப்பாவின் வடக்கு உச்சியில், பின்லாந்து நாட்டின் லாப்லாந்து பகுதிக்கு குளிர்காலத்தில் போனால் இதெல்லாம் நிஜமாகவே செய்தாக வேண்டிய வேலைகள். நீங்கள் டீன்ஏஜ் பிள்ளையின் பெற்றோராக இருக்கலாம். வீட்டில் அப்படி ஒரு தம்பி, தங்கை இருக்கும் அண்ணன், அக்காவாகவும் இருக்கலாம். கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே.

லாப்லாந்து எப்படி இருக்கும்?

லாப்லாந்து, பின்லாந்தின் வடக்கு மாகாணம். பரப்பளவு சுமார் 1 லட்சம் சதுர கிலோமீட்டர். அவ்வளவு பெரிய இடத்தில் வசிப்பவர்கள் 2 லட்சத்துக்கும் குறைவு. பின்லாந்தில் வளர்க்கப்படும் ரெய்ண்டீர் எனும் பனிமான்களும் சுமார் 2 லட்சம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! காடு, உறைந்த ஏரி, மொட்டைத் தலை போன்ற வட்டமான குன்றுகள்... கண்ணுக்கெட்டிய தூரம் வரை இவைதான்.

குளிர்காலத்தில் மைனஸ் 10 முதல் மைனஸ் 20 டிகிரி வரை சாதாரணம். மைனஸ் 30-ம் எட்டிப் பார்க்கும். பின்லாந்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையான மைனஸ் 51.5 டிகிரி, இதே லாப்லாந்தில் கிட்டிலா நகராட்சியைச் சேர்ந்த போக்கா கிராமத்தில் 1999 ஜனவரி 28-ம் தேதி பதிவானது. பயப்பட வேண்டாம். இந்தக் குளிரில்தான் அங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். உடையும் பழக்கமும் சரியாக இருந்தால் சமாளித்துவிடலாம்.

பனிக்கரடி வருமா என்று கேட்பவர்களுக்கு... பின்லாந்தில் பனிக்கரடி கிடையாது. பழுப்புக் கரடி உண்டு. அதுவும் குளிர்காலம் முழுக்க குகைக்குள் தூங்கும்.

எப்போது போகலாம்?

லாப்லாந்தில் நீங்கள் போகும் மாதத்தைப் பொறுத்து டூரே மாறிவிடும்.

டிசம்பர்: கிறிஸ்துமஸ் களைகட்டும். ஆனால், வெளிச்சம் இருக்காது. இனாரி, இவாலோ போன்ற வட பகுதி ஊர்களில் டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரியின் முதல் வாரங்கள் வரை சூரியன் உதிக்கவே உதிக்காது. இந்தக் காலத்துக்கு ஃபின்னிஷ் மொழியில் 'காமோஸ்' என்று பெயர். கும்மிருட்டு என்று நினைத்துவிடாதீர்கள். நண்பகலையொட்டி சில மணி நேரம் பனியெல்லாம் நீல நிறத்தில் மின்னும். அழகுதான். ஆனால், சாகசத்துக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. நம் ஊர் அரையாண்டு விடுமுறையும் அப்போதுதான். அறை வாடகை உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான்.

ஜனவரி, பிப்ரவரி: கடுங்குளிர். பகல் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். பிப்ரவரி பிற்பாதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை ஃபின்லாந்துப் பள்ளிகளுக்கு மண்டலவாரியாக ஒரு வாரம் 'ஸ்கீ விடுமுறை' விடுகிறார்கள். உள்ளூர்க் குடும்பங்களே படையெடுக்கும் என்பதால் அந்த வாரங்களுக்கு முன்கூட்டியே புக் செய்ய வேண்டும்.

மார்ச்: சாகசத்துக்கு பெஸ்ட் மாதம். பனி ஆழமாகக் குவிந்திருக்கும். பகல் 12 மணி நேரத்தை எட்டிவிடும். இரவில் துருவ ஒளி தெரியவும் நல்ல வாய்ப்பு.

'மார்ச்னா பரீட்சை ஆச்சே' என்கிறீர்களா? அதுதான் உண்மையான சிக்கல். 13 வயதிலிருந்து 18 வரை கணக்குப் போட்டால், பிள்ளையோடு போகக் கிடைப்பது ஐந்து குளிர்காலங்கள். 10-ம் வகுப்பும் 12-ம் வகுப்பும் அதில் இரண்டைத் தின்றுவிடும். மிச்சம் மூன்று.

ஏப்ரல்: இந்தச் சிக்கலுக்கு பலரும் யோசிக்காத விடை இது. ஏப்ரலின் முதல் பாதியில் வட லாப்லாந்தில் பனி இன்னும் கனமாகவே இருக்கும். பகல் 14 மணி நேரத்தைத் தாண்டிவிடும். பகலில் பூஜ்ஜியத்தையொட்டிய இதமான குளிர், இரவில் மைனஸ். ஈஸ்டரையொட்டி உள்ளூர்க்காரர்கள் பனிச்சறுக்குக்கு விரும்பிப் போகும் காலமும் இதுதான். இரவு சுருங்குவதால் துருவ ஒளிக்கான வாய்ப்பு குறையும். ஹஸ்கி பண்ணைகள் சில சீக்கிரமே சீசனை முடித்துவிடும் என்பதால் தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி, தேர்வு முடிந்த கையோடு கிளம்ப அருமையான நேரம்.

எந்த ஊரில் தங்குவது?

ரோவனியெமி: லாப்லாந்தின் தலைநகரம். ஆர்க்டிக் வட்டம் ஊருக்கு வடக்கே சுமார் 8 கிலோமீட்டரில் ஓடுகிறது. அங்கேதான் சாண்டா கிளாஸ் கிராமம். ரயில், விமானம், கடை எல்லாம் உண்டு. 1944-ல் பின்வாங்கிய ஜெர்மன் படைகள் இந்த ஊரை எரித்துத் தரைமட்டமாக்கின. போருக்குப் பிறகு கட்டடக் கலைஞர் ஆல்வர் ஆல்டோ, ரெய்ண்டீர் கொம்பின் வடிவத்தில் தெருக்களை அமைத்து ஊருக்குப் புதிய திட்டம் வரைந்தார். மேப்பைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், கொம்பு தெரியும். சின்னக் குழந்தைகளுக்கு சாண்டா கிராமம் சொர்க்கம். 15 வயதுக்கு ஒரு நாள் போதும்.

சாரிசெல்கா: டீன்ஏஜ் குடும்பங்களுக்கு நம் முதல் சாய்ஸ். இவாலோ விமான நிலையத்திலிருந்து அரை மணி நேரப் பயணம். ஊரின் எல்லையிலேயே உர்ஹோ கெக்கோனன் தேசியப் பூங்கா தொடங்குகிறது. 1983-ல் அமைக்கப்பட்ட இந்தப் பூங்காவின் பரப்பு சுமார் 2,550 சதுர கிலோமீட்டர். கௌனிஸ்பா குன்றின் உச்சியிலிருந்து சறுக்குப் பலகையில் சுமார் 1.2 கிலோமீட்டர் தூரம் வழுக்கிக்கொண்டே இறங்கும் பாதையும் உண்டு. அதற்குத் தனிப் பயிற்சி எதுவும் தேவையில்லை, சிரிக்கத் தெரிந்தால் போதும்.

இனாரி: ஏரிக்கரையில் அமைதியான சின்ன ஊர். 1,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டும் இனாரி ஏரி குளிர்காலத்தில் முழுக்க உறைந்துவிடும். லாப்லாந்தின் பூர்வகுடிகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும்.

லெவி: மலைச்சரிவில் வேகமாக இறங்கும் 'டவுன்ஹில் ஸ்கீ' ஆசை இருந்தால் கிட்டிலா பக்கம் இருக்கும் லெவி. நவம்பரில் உலகக்கோப்பைப் பனிச்சறுக்குப் போட்டி இங்கே நடக்கிறது. ஜெயிப்பவருக்கு ஒரு ரெய்ண்டீரே பரிசு. மிக்கேலா ஷிஃப்ரின் இங்கே பலமுறை ஜெயித்து, தன் மான்களுக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்!

பிள்ளைகளிடம் ஒப்படைக்க வேண்டிய வேலைகள்

1. ஹஸ்கி வண்டி

ஒரு வண்டிக்கு நான்கு முதல் ஆறு நாய்கள். ஒருவர் வண்டியில் உட்கார, இன்னொருவர் பின்னால் சறுக்குக் கட்டைகளின் மேல் நின்று ஓட்ட வேண்டும். கிளம்பும்வரை நாய்கள் காது கிழியக் குரைக்கும். வண்டி நகர்ந்த நொடி மொத்தமும் நிசப்தம். பனியில் கட்டை வழுக்கும் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

ஓட்டுபவருக்கு மூன்று விதிகள். கைப்பிடியை எக்காரணம் கொண்டும் விடக் கூடாது. விட்டால் நாய்கள் உங்களுக்காகக் காத்திருக்காது. இறக்கத்தில் பிரேக்கை மிதித்து, நாய்களைக் கட்டிய கயிறு தொய்யாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏற்றத்தில் ஒரு காலால் தரையை உந்தி நாய்களுக்கு உதவ வேண்டும். அப்பா கம்பளிக்குள் உட்கார்ந்திருக்க, மகள் வண்டி ஓட்டும் காட்சி வேறு எந்த டூரில் கிடைக்கும்?

ஓட்டுவதற்கான குறைந்தபட்ச வயது, உயரம் பண்ணைக்குப் பண்ணை மாறும். பணம் கட்டும் முன் கேளுங்கள். இல்லையென்றால், "நீ உட்கார்ந்துதான் வரணும்" என்று அங்கே போய்க் கேட்கும்போது பிள்ளையின் முகம் தொங்கிவிடும். இன்னொரு விஷயம்... நாய் வண்டி லாப்லாந்தின் பழைய மரபு கிடையாது. சுற்றுலாவோடு சேர்ந்து கடந்த சில பத்தாண்டுகளில் வளர்ந்தது. அங்கே மரபு என்றால் ரெய்ண்டீரும் ஸ்கீயும்தான்.

2. குடில் வரை ஒரு ஸ்கீ நடை

மலைச்சறுக்கு வேறு, சமவெளி ஸ்கீ வேறு. இரண்டாவதில் காடு, குன்று எனச் சீரான பாதையில் தள்ளித் தள்ளிப் போகலாம். முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் விழுவார்கள். பெரும்பாலும் பெற்றோர்தான் அதிகம் விழுவார்கள். பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள் என்பதால், கை நீட்டித் தூக்கிவிடும் வேலை அவர்களுக்கு வந்துவிடும்.

சாரிசெல்காவிலிருந்து சில கிலோமீட்டரில் ரூமாகுரு என்ற பள்ளத்தாக்கில் ஒரு பகல்நேரக் குடில் இருக்கிறது. போகும் வழி பிள்ளையின் பொறுப்பு என்று சொல்லிவிடுங்கள். மேப்பை வாங்கி, வழிக்குறிகளைப் பார்த்து, நேரத்தைக் கணக்கிட்டு அழைத்துப்போகட்டும். குடிலில் விறகு அடுப்பு மூட்டி, சாக்லேட் பால் காய்ச்சிக் குடித்துவிட்டு, இருட்டும் முன் திரும்ப வேண்டும்.

பின்லாந்தின் காட்டுக்குள் இரவு தங்கும் 'ஔதியோதுபா' குடில்களும் உண்டு. பூட்டு கிடையாது, வாடகை கிடையாது, யார் வேண்டுமானாலும் ஓரிரு இரவுகள் தங்கலாம். அதற்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. கடைசியாக வந்து சேர்பவருக்கே முதல் உரிமை. களைத்து, குளிரில் வந்தவருக்கு, முதலில் வந்து ஓய்வெடுத்தவர் இடம்விட வேண்டும். கிளம்பும்போது அடுத்து வருபவருக்கு விறகு வெட்டி வைத்து, தரையைக் கூட்டிவிட்டுப் போக வேண்டும். அங்கிருக்கும் நோட்டில் பெயரையும் அடுத்து எங்கே போகிறீர்கள் என்பதையும் எழுத வேண்டும். வழி தவறினால் தேடி வருபவர்களுக்கு அந்த ஒரு வரிதான் துப்பு. முதல்முறை போகிறவர்கள் பகல் குடிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரவு தங்க ஆசையென்றால் வழிகாட்டி இல்லாமல் வேண்டாம்.

3. பனிக்குள் மீன்பிடித்தல்

உறைந்த ஏரியில் துளை போட்டு, சின்னத் தூண்டிலை இறக்கிக் காத்திருப்பது. பின்லாந்தில் சில நீர்நிலைகள் தவிர மற்ற இடங்களில் இதற்குக் கட்டணமோ உரிமமோ கிடையாது. கேட்க சாதாரணமாக இருக்கும். ஆனால், ஐஸ் துளைப்பானைச் சுழற்றி அடிவரை துளைக்க நல்ல கைபலம் வேண்டும். மார்ச்சில் ஐஸின் கனம் அரை மீட்டரைத் தாண்டும். நீரோட்டம் உள்ள இடங்களிலும், ஆறு ஏரியில் சேரும் இடங்களிலும் மட்டும் ஐஸ் மெலிதாக இருக்கும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எனவே, உள்ளூர் ஆள் சொல்லாத ஐஸில் கால் வைக்கக் கூடாது.

4. ஐஸ் சுவரில் ஏறுதல்

'இதெல்லாம் சப்ப மேட்டர்' என்கிற ரகமா உங்கள் பிள்ளை? ரோவனியெமிக்குத் தென்கிழக்கே, போசியோ பக்கம் கொரோவோமா பள்ளத்தாக்கு இருக்கிறது. பாறைச் சுவரில் வழிந்த நீர் அப்படியே உறைந்து பிரமாண்டத் தூண்களாக நிற்கும். வழிகாட்டி, கயிறு, ஹெல்மெட், காலில் முள் செருப்பு, இரண்டு கையிலும் ஐஸ் கோடரி என அதில் ஏறலாம். கீழே நின்று வேடிக்கை பார்க்கவும் மனதில் திடம் வேண்டும்!

5. ஸ்னோமொபைல்

பனியில் ஓடும் பைக். டீன்ஏஜ் பிள்ளைகளின் கண் முதலில் போவது இதன்மேல்தான். ஆனால், ஓட்ட உரிமம் வேண்டும். டூர் நிறுவனங்கள் பெரும்பாலும் கார் ஓட்டுநர் உரிமம் உள்ள பெரியவர்களுக்குத்தான் வண்டி தருகின்றன. பிள்ளைகள் பின்னால்தான் உட்கார வேண்டும். அதாவது, மறுபடியும் பின் சீட்! விலையும் அதிகம். பட்ஜெட்டில் எதையாவது வெட்ட வேண்டுமென்றால் இதை முதலில் வெட்டலாம்.

துருவ ஒளி: ஆசை இருக்கட்டும், பந்தயம் வேண்டாம்

சூரியனிலிருந்து வரும் மின்னேற்றத் துகள்களை பூமியின் காந்தப்புலம் துருவங்களை நோக்கித் திருப்பிவிடுகிறது. தரையிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல், காற்றிலிருக்கும் ஆக்சிஜனில் அவை மோதும்போது பச்சை வெளிச்சம் பிறக்கிறது. ஃபின்னிஷ் மொழியில் இதன் பெயர் 'ரெவொன்துலெத்'. நரியின் நெருப்பு என்று பொருள். குன்றுகளின் மேல் ஓடும் நரியின் வால் பனியில் உரசித் தீப்பொறி பறக்கிறது என்பது பழங்கதை.

எவ்வளவு பணம் கட்டினாலும் இதற்கு கேரன்டி கிடையாது. மேகம் மூடினால் முடிந்தது. அதனால் ஒரே ஒரு இரவை நம்பிப் போகாதீர்கள். குறைந்தது நான்கு இரவுகளாவது வடக்கில் தங்குங்கள். பின்லாந்து வானிலை ஆய்வு மையத்தின் மேக நிலவரத்தைப் பாருங்கள். தெரு விளக்கை விட்டு விலகி, கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடங்கள் கொடுங்கள். அந்த 20 நிமிடங்களும் போன் திரை அணைந்திருக்க வேண்டும். சில நேரம் வெறும் சாம்பல் நிற மேகம்போலத்தான் தெரியும். போன் கேமராவின் நைட் மோடில் பச்சையாக விழும். இணையத்தில் பார்த்த படங்களை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இதைப் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

குளிர்: இங்கேதான் கவனம் தேவை

டீன்ஏஜ் பிள்ளைகளிடம் ஒரு குணம் உண்டு. குளிர்கிறது என்று சொல்ல மாட்டார்கள். ஹேர்ஸ்டைல் கலைந்துவிடும் என்று தொப்பியைக் கழற்றுவார்கள். போனைத் தொட வேண்டும் என்று கையுறையைக் கழற்றுவார்கள். நம் ஊரில் இது செல்லச் சண்டை. அங்கே விரலுக்கே ஆபத்து.

உடை: மூன்று அடுக்கு. உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது சின்தெடிக் தெர்மல். நடுவில் ஃபிளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர். வெளியே காற்று புகாத ஜாக்கெட், பேன்ட். பருத்தி கூடவே கூடாது. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடம்புச் சூட்டைப் பறித்துவிடும். ஜீன்ஸுக்கு அங்கே வேலையே இல்லை. ஷூ ஒரு சைஸ் பெரிதாக இருக்கட்டும். விரல்களை அசைக்க இடம் வேண்டும். ஐந்து விரல் கையுறையைவிட, விரல்கள் எல்லாம் ஒன்றாக இருக்கும் 'மிட்டன்' சூடு தரும். ஹஸ்கி, ஸ்னோமொபைல் டூர் நடத்துபவர்கள் தடித்த ஓவர்ஆலும் பூட்ஸும் பெரும்பாலும் அவர்களே தருவார்கள். எனவே, எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கிக் குவிக்க வேண்டாம்.

காற்று: மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் காற்று முகத்தில் அடித்தால், தோலுக்கு அது கிட்டத்தட்ட மைனஸ் 33. குன்றின் உச்சியிலும் ஸ்னோமொபைலிலும் மூக்கு, கன்னம் மூடியிருக்க வேண்டும்.

உறைபுண்: மூக்கு நுனி, கன்னம், காது மடல், விரல்கள்... முதலில் அடி வாங்குவது இவைதான். முதலில் சுருக்கென்று வலிக்கும். பிறகு வலி நின்று மரத்துப்போகும். 'அப்பாடா, சரியாகிடுச்சு' என்று நினைப்போம். ஆபத்து தொடங்குவதே அங்கேதான். தோல் வெளுத்து, மெழுகு பூசியதுபோல ஆகும். நம்மைப் போன்ற மாநிற, கறுத்த தோலில் வெண்மை பளிச்சென்று தெரியாது. சாம்பல் படிந்ததுபோலத்தான் இருக்கும். உற்றுப் பார்க்க வேண்டும்.

இதைத் தன் முகத்தில் தானே பார்க்க முடியாது. கண்ணாடியும் கிடையாது. மரத்துப்போயிருப்பதால் உணரவும் முடியாது. அதனால் அங்கே குடும்பங்களை ஜோடி ஜோடியாகப் பிரித்துவிடுவது நல்லது. அப்பா-மகள், அம்மா-மகன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். வெளுத்த இடம் தெரிந்தால், வெறும் உள்ளங்கையை அதன்மேல் வைத்துச் சூடேற்ற வேண்டும். விரல் என்றால் அக்குளுக்குள். தேய்க்கக் கூடாது, பனியை வைத்துத் தேய்க்கவே கூடாது, நெருப்பில் காட்டவும் கூடாது. உணர்வு திரும்பாவிட்டால் உடனே உள்ளே போய் மருத்துவ உதவி தேட வேண்டும்.

உடம்புச் சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் அது 'ஹைப்போதெர்மியா'. நடை தடுமாறும், பேச்சு குழறும், ஜிப்பைக்கூடப் போட முடியாது, காரணமில்லாமல் எரிச்சல் வரும். வழக்கமான டீன்ஏஜ் கோபம் என்று விட்டுவிடாதீர்கள். பிள்ளை திடீரென்று சிடுசிடுத்தால் முதலில் சூடான பானமும் சாப்பிட ஏதாவதும் கொடுங்கள்.

அவசர எண் 112. '112 சுவோமி' ஆப்பை எல்லோர் போனிலும் ஏற்றிக்கொள்ளுங்கள். அதிலிருந்து அழைத்தால் நீங்கள் இருக்கும் இடம் தானாகவே போய்ச்சேரும்.

போன்: கடுங்குளிரில் பேட்டரி மளமளவென்று இறங்கும். 40 சதவிகிதம் காட்டிக்கொண்டிருந்த போன் பொசுக்கென்று அணைந்துவிடும். உள் பாக்கெட்டில், உடம்பை ஒட்டி வையுங்கள். உறைநிலைக் குளிரில் சார்ஜ் போட வேண்டாம். அறைக்குள் வந்ததும் போனை, கேமராவை ஜிப் கவருக்குள்ளேயே கொஞ்ச நேரம் விட்டுவைத்தால் உள்ளே நீர் கோக்காது. 'எப்பப் பார்த்தாலும் போனா?' என்ற சண்டையை லாப்லாந்தில் குளிரே பார்த்துக்கொள்ளும்.

சாமி மக்களின் வீடு இது

இது நம் ஊர் 'சாமி' அல்ல. நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யா என நான்கு நாடுகளின் வடக்கில் வாழும் பூர்வகுடி மக்களின் பெயர் சாமி. பின்லாந்தில் மட்டும் மூன்று சாமி மொழிகள் பேசப்படுகின்றன. இனாரியில் இருக்கும் 'சீடா' அருங்காட்சியகம் இவர்களின் வாழ்க்கையைச் சொல்கிறது. பின்லாந்தின் சாமி நாடாளுமன்றமும் இதே ஊரில் 'சாயோஸ்' கட்டடத்தில்தான் இயங்குகிறது. பிப்ரவரி 6 சாமி மக்களின் தேசிய நாள்.

நீலம், சிவப்பு எனப் பளிச்சிடும் அவர்களின் உடை, அணிபவர் எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடும். அதைப் போலியாகத் தைத்து, சுற்றுலாப் பயணிகளுக்கு மாட்டிவிட்டு போட்டோ எடுப்பது அவர்களைப் புண்படுத்தும் விஷயம். சாமி நாடாளுமன்றம் 2018-ல் இதற்கென நெறிமுறைகளையே வெளியிட்டது. சாமி குடும்பங்களே நடத்தும் பண்ணைகளைத் தேடிப் போங்கள். பேச்சுவாக்கில், "உங்ககிட்ட எத்தனை ரெய்ண்டீர் இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். 'பேங்க்ல எவ்வளவு போட்டு வெச்சிருக்கீங்க?' என்று கேட்பதற்குச் சமம். காட்டில் தனியாகத் திரியும் ரெய்ண்டீரும் யாரோ ஒருவரின் சொத்துதான். துரத்தக் கூடாது.

சாப்பாடு, சானா

சால்மன் மீன் சூப், மசித்த உருளைக்கிழங்கோடு ரெய்ண்டீர் வறுவல், மென்றால் 'கீச்' என்று சத்தம் போடும் 'லெய்பாயூஸ்தோ' சீஸ்... அசைவக்காரர்களுக்கு நல்ல வேட்டை. சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சமையலறை உள்ள மரவீட்டில் தங்கினால் சூப்பர் மார்க்கெட்டில் காய்கறி, அரிசி வாங்கிச் சமைத்துக்கொள்ளலாம். பொடி வகைகளும் புளிக்காய்ச்சலும் கூட வந்தால் செலவு பாதியாகும்.

பெரும்பாலான மரவீடுகளில் 'சானா' எனும் வெந்நீராவி அறை இருக்கும். பின்லாந்தின் சானா கலாசாரத்தை யுனெஸ்கோ 2020-ல் தன் பட்டியலில் சேர்த்தது. உள்ளே 80 டிகிரி சூட்டில் பத்து நிமிடம், வெளியே பனியில் ஒரு புரளல். துணிச்சல் இருந்தால் உறைந்த நீரில் வெட்டிவைத்த துளைக்குள் ஒரு முங்கு. சாரிசெல்காவுக்குப் பக்கத்தில் கீலோபாவில் இதற்கு வசதி உண்டு. இதயக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் முங்கு விஷயத்தில் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விசா, டிக்கெட், செலவு

* இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள்களுக்கு முன் கொடுத்தாக வேண்டும். கடைசி நேரம்வரை இழுக்காதீர்கள்.

* 12 வயதிலிருந்து பெரியவர்களுக்கான கட்டணமே. 2024 ஜூனில் இது 90 யூரோவாக உயர்ந்தது. கைரேகையும் தர வேண்டும். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் கையெழுத்து கட்டாயம்.

* குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். ஸ்கீ, ஐஸ் ஏறுதல் போன்ற சாகசங்களையும் அது கவர் செய்கிறதா என்று படித்துப் பாருங்கள். பல பாலிசிகளில் இது தனி ஆட்-ஆன்.

* ஹெல்சின்கிவரை விமானம். அங்கிருந்து ரோவனியெமிக்கு இரவு ரயில் சுமார் 12 மணி நேரம். இரண்டு பேர் படுக்கும் அறைகள் உண்டு. ஓர் இரவு ஹோட்டல் செலவும் மிச்சம். சாரிசெல்கா, இனாரிக்கு ரயில் கிடையாது. இவாலோவுக்கு விமானம் அல்லது ரோவனியெமியிலிருந்து பஸ்.

* ஹஸ்கி டூர் ஒருவருக்கு 100 யூரோவைச் சுலபமாகத் தாண்டும். நான்கு பேர் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எனவே, காசு கட்டும் சாகசம் இரண்டு போதும். சறுக்குப் பலகை, குடில் நடை, மீன்பிடித்தல், துருவ ஒளி எல்லாம் வாடகைக் கருவிச் செலவோடு முடியும். காட்டில் நடக்கவும் ஸ்கீ ஓட்டவும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பின்லாந்தில் இது எல்லோருக்குமான உரிமை, வெளிநாட்டினருக்கும்தான். ஆனால், கண்ட இடத்தில் தீ மூட்டக் கூடாது. அதற்கென்று அமைத்த இடங்களில் மட்டுமே மூட்டலாம்.

ஆறு நாள் மாதிரித் திட்டம்

நாள் 1: இவாலோ வழியே சாரிசெல்கா. உடை, ஷூ சரிபார்ப்பு. வீட்டைச் சுற்றி அரை மணி நேர நடை மட்டும்.

நாள் 2: காலையில் ஸ்கீ வகுப்பு. மாலையில் கௌனிஸ்பா சறுக்கு.

நாள் 3: ஹஸ்கி வண்டி. இரவு சானா.

நாள் 4: பிள்ளையின் தலைமையில் ரூமாகுரு குடில் பயணம்.

நாள் 5: இனாரி. சீடா அருங்காட்சியகம், ஏரியில் மீன்பிடித்தல்.

நாள் 6: எதுவும் வேண்டாம். வானிலை கெடுத்துவிட்ட ஒரு நாளை ஈடுகட்ட இந்த நாள். கடுங்குளிர் இறங்கினால் டூர்களை ரத்து செய்வார்கள். அதனால் காலி நாள் ஒன்று அவசியம்.

இந்தத் திட்டத்தில் நான்காம் நாளை மட்டும் நீங்கள் தொடாதீர்கள். வரைபடம், கிளம்பும் நேரம், பையில் என்ன சாப்பாடு, எந்த இடத்தில் திரும்பலாம் என்று எல்லாவற்றையும் ஒரு மாதம் முன்பே பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் பாதுகாப்பை மட்டும் பாருங்கள். "அப்பா, இங்கிருந்து திரும்பிடலாம், காத்து அதிகமா இருக்கு" என்று பிள்ளை சொன்னால், குடில் கண்ணுக்குத் தெரிந்தாலும் வாதாடாமல் திரும்புங்கள். அந்த முடிவை எடுக்கப் பழகுவதற்காகத்தானே அவ்வளவு தூரம் அழைத்துப்போகிறீர்கள்!